சான்று தந்த ஊர்கள்: கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில் இந்தியாவின் இடம்

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 17 அன்று ஒரு புற்றுநோயை ஒழிப்பதற்கான திட்டத்தை அறிவித்தது. ஒரு புற்றுநோயை ஒழிக்க உலக நாடுகள் ஒன்றுகூடி இலக்கு வகுத்தது அதுவே முதன்முறை. அந்நோய் கருப்பை வாய்ப் புற்றுநோய். 2030-க்குள் பதினைந்து வயது நிறைவதற்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியர்க்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குத் தரமான பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டோரில் 90 விழுக்காட்டினர்க்குச் சிகிச்சை என மூன்று இலக்குகள் வகுக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் நால்வருக்கும் குறைவாக இந்நோய் தோன்றும் நிலையை எட்டினால் நோய் ஒழிந்ததாகக் கொள்ளப்படும்.

இவ்விலக்குகளுக்குப் பின்னால் உள்ள சான்றுகளின் பிறப்பிடத்தைத் தேடினால் மராத்வாடாவின் கிராமங்களும் திண்டுக்கல் மாவட்டத்தின் ஊர்களும் மும்பையின் குடிசைப் பகுதிகளும் எதிர்ப்படுகின்றன. எச்.பி.வி. பரிசோதனை மரணத்தைக் குறைக்கிறது என்பதற்கான முதல் பெரும் சான்று உஸ்மானாபாத்திலிருந்து வந்தது. மருத்துவர் இல்லாமலே செவிலியர் கண்ணால் பார்த்து நோயின் முன்நிலையைக் கண்டறிய முடியும் என்பதற்கான சான்று திண்டுக்கல்லிலிருந்து வந்தது. தடுப்பூசியின் ஒரே தவணை போதும் என்ற முடிவுக்கு வழிவகுத்த தரவுகளில் மிக முக்கியமானவை இந்தியச் சிறுமியர் பதினேழாயிரம் பேரிடமிருந்து வந்தவை.

ஆனால் 2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினர் மட்டுமே. 2022-ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டில் இந்தியாவில் அவ்வாண்டில் இந்நோய் புதிதாகத் தாக்கியவர்கள் ஏறத்தாழ 1,27,500 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 79,900 பேர். உலகில் இந்நோயால் நிகழும் மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இங்கு நிகழ்கிறது. உலகுக்குச் சான்று வழங்கிய நாட்டிலேயே அச்சான்றின் பயன் இவ்வளவு குறைவாகச் சென்றடைந்தது எப்படி என்பதே இந்நோயின் இந்திய வரலாறு முன்வைக்கும் கேள்வி.

பெயரும் காரணமும்

நோயின் பெயரே ஒரு வரலாற்றைக் கொண்டது. இலத்தீன் வழியே ஐரோப்பிய மருத்துவம் இவ்வுறுப்பைச் ‘செர்விக்ஸ்’, அதாவது கழுத்து, என்றது. தமிழ் வழக்கு அதையே கருப்பை வாய் என்கிறது. ஒன்று உறுப்பை உள்ளிருந்து பார்த்த உடற்கூற்றியலாரின் சொல். மற்றொன்று வெளியிலிருந்து அணுகும் பார்வையில் பிறந்த சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறப்புப் பதிவேடுகளில் இவ்விரண்டில் எதுவுமே பெரும்பாலும் இல்லை. ‘கருப்பை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அதன் உடலில் தோன்றும் புற்றும் வாயில் தோன்றும் புற்றும் சேர்த்தே எழுதப்பட்டன.

இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த தொமெனிக்கோ ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர், 1760 முதல் 1839 வரையிலான அத்தகைய பதிவேடுகளை ஆராய்ந்து 1842-இல் ஒரு கணக்கை முன்வைத்தார். மணமான பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட கருப்பைப் புற்று கன்னியாஸ்திரீகளிடம் அரிதாக இருந்தது. மார்பகப் புற்றோ அவர்களிடம் மிகுந்திருந்தது. பாலுறவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் இங்குத் தொடங்கியது. தொற்றக்கூடிய ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் அதைத் தொடர்ந்து வலுத்தது. 1970-களில் ஹெர்ப்பிஸ் வைரஸ் மீது ஐயம் குவிந்திருந்தபோது, ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் ட்சுர் ஹவுசன் பாப்பிலோமா வைரஸைத் தேடினார். அவரது குழு 1983-இல் எச்.பி.வி. 16 வகையையும் 1984-இல் 18 வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகின் கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம்.

எச்.பி.வி. தொற்று மிகப் பரவலானது. பெரும்பாலானோரிடம் அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடுகிறது. மறையாமல் நிலைத்துவிடும் சிலரிடம் மட்டும் உயிரணுக்கள் படிப்படியாக மாறுகின்றன. தொற்றிலிருந்து புற்று வரையான பயணத்துக்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்நீண்ட இடைவெளிதான் இந்நோயைத் தடுக்கக்கூடியதாக ஆக்குகிறது. அவ்விடைவெளியில் எப்போதேனும் ஒருமுறை பார்த்துவிட்டால், மாறிய பகுதியை உறையவைத்தோ வெட்டியோ அகற்றிவிடலாம். ஆகவே இந்நோயால் நிகழும் ஒவ்வொரு மரணமும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக எவரும் பார்க்கவில்லை என்பதன் பதிவாகவும் அமைகிறது.

எண்ணத் தொடங்கிய காலம்

இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவு 1963-இல் பம்பாயில் தொடங்கியது. 1982 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பதிவுத் திட்டத்தின்கீழ் பெங்களூரும் சென்னையும் அதனுடன் சேர்ந்தன. மூன்றும் பெருநகரங்கள். கிராமத்துப் பெண்கள் இக்கணக்கில் இடம்பெற்றது 1987-இல், சோலாப்பூர் மாவட்டத்தின் பார்ஷியில் நாட்டின் முதல் ஊரகப் புற்றுநோய்ப் பதிவகம் நிறுவப்பட்ட பிறகுதான். நகரங்களில் மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து தரவைத் திரட்ட முடிந்தது. பார்ஷியைச் சுற்றிய ஊர்களில் அத்தகைய கோப்புகளே இல்லை. எனவே களப்பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, அறிகுறிகளைப் பற்றி மக்களிடம் பேசி, ஐயத்துக்குரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துவந்து கணக்கெடுத்தனர். எதிர்பாராத விளைவொன்று இதனால் ஏற்பட்டது: சில ஆண்டுகளில் நோயைத் தொடக்க நிலையிலேயே காட்ட வரும் பெண்களின் பங்கு உயர்ந்தது. கணக்கெடுப்புக்காக நடந்த உரையாடலே ஒரு மருத்துவத் தலையீடாக மாறியது.

பதிவேடுகள் மற்றோர் உண்மையையும் காட்டின: இந்நோயின் சுமை நாடெங்கும் ஒரே அளவில் இல்லை. 2009–11 காலத் தரவில், வயது ஈடுசெய்த விகிதம் மிசோரத்தில் லட்சத்துக்கு 23-ஆக இருந்தது; அசாமின் திப்ருகரில் அது 5-ஐத் தாண்டவில்லை. 2020-இல் வெளியான அறிக்கையில் அருணாச்சலப் பிரதேசத்தின் பாபும்பாரே மாவட்டம் 27.7 என்ற விகிதத்துடன் முதலிடத்தில் இருந்தது. வடகிழக்கு என்று ஒரே சொல்லால் சுட்டப்படும் நிலப்பகுதிக்குள்ளேயே ஐந்து மடங்கு வேறுபாடு காணப்படுவதால், ‘இந்தியச் சராசரி’ என்ற எண் எந்த ஊரின் நிலையையும் சொல்வதில்லை.

சென்னை, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களின் கதை வேறு. 1980-களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களைத் தாக்கிய புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்று முதலிடத்தில் இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதன் விகிதம் தொடர்ந்து சரிந்து, மார்பகப் புற்று முன்னே வந்தது. முறையான பரிசோதனைத் திட்டம் எதுவும் பரவலாக இல்லாத காலத்திலேயே இச்சரிவு தொடங்கிவிட்டது. திருமண வயது உயர்ந்ததும், பேறுகளின் எண்ணிக்கை குறைந்ததும், கல்வியும் வாழ்நிலையும் மேம்பட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சமூக மாற்றம் எட்டிய இடத்தில் நோய் குறைந்தது. எட்டாத இடத்தில் தங்கியது. பார்ஷியும் பாபும்பாரேயும் எட்டாத இடங்களின் பெயர்கள்.

பார்க்கும் முறையும் பார்க்கப்படாதவர்களும்

ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் உருவாக்கிய ‘பாப்’ பரிசோதனை 1940-களிலிருந்து மேலை நாடுகளில் பரவி, இந்நோயைப் பெருமளவு குறைத்தது. அம்முறைக்கு உயிரணுக்களை நுண்ணோக்கியில் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளமாகத் தேவை. முடிவு வரும்வரை காத்திருந்து மீண்டும் மருத்துவமனைக்கு வரக்கூடிய பெண்களும் தேவை. இந்தியாவில் முன்னவர் குறைவு. பின்னவருக்கோ ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் தடையாக நின்றன. 1970-களிலும் 80-களிலும் தில்லியில் நடந்த நீண்டகால ஆய்வொன்றில், கருப்பை வாயில் முன்நிலை மாற்றங்கள் கண்டறியப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், அம்மாற்றங்கள் எவ்வாறு வளர்கின்றன என்பதை அறிவதற்காகச் சிகிச்சையின்றித் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அவர்களில் சிலருக்கு நோய் முற்றியது. 1997-இல் இச்செய்தி வெளியானபோது, அறநெறி குறித்த கடும் கண்டனம் எழுந்தது.

பாப் முறைக்கு மாற்று தேடப்பட்டபோது கிடைத்தது மிக எளிய ஒன்று. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியை ஒத்த ஒரு திரவத்தை, கருப்பை வாயில் தடவினால், மாற்றமடைந்த பகுதி ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் அதைக் கண்டறிந்து, அதே நாளில் உறைநிலைச் சிகிச்சையும் அளிக்கலாம். 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 49,311 பெண்களுக்கு இப்பரிசோதனை வழங்கப்பட முன்வந்தது. மறுபாதியில் 30,958 பெண்கள் ஒப்பீட்டுக் குழுவினர். 2007-இல் வெளியான முடிவு, பரிசோதனை பெற்ற ஊர்களில் நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்ததைக் காட்டியது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில் பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்களே பயிற்சி பெற்று இதைச் செய்தனர்; அங்கும் மரணம் 31 விழுக்காடு குறைந்தது.

உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 1999-இல் தொடங்கிய ஆய்வு இவற்றினும் விரிவானது. 52 ஊர்த் தொகுதிகளைச் சேர்ந்த 1,31,746 பெண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: எச்.பி.வி. பரிசோதனை, பாப் பரிசோதனை, அமிலத் தடவல், வழக்கமான பராமரிப்பு. எட்டாண்டுகளில் வழக்கமான பராமரிப்புக் குழுவில் 64 பெண்கள் இந்நோயால் இறந்தனர், எச்.பி.வி. பரிசோதனைக் குழுவில் 34 பேர். வாழ்நாளில் ஒரே ஒரு பரிசோதனை மரணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2009-இல் இம்முடிவு வெளியானபின், உலகெங்கும் பரிசோதனைக் கொள்கைகள் வைரஸைத் தேடும் முறையை நோக்கித் திரும்பின.

இம்மூன்று ஆய்வுகளிலும் ‘வழக்கமான பராமரிப்பு’ என்ற தொடருக்கு நடைமுறையில் ‘பரிசோதனை இல்லை’ என்பதே பொருள். பரிசோதனை உயிர் காக்கும் என்பது மேலை நாடுகளில் ஏற்கெனவே தெரிந்திருக்கையில், ஏறத்தாழ 1,38,000 பெண்களை அது இல்லாத குழுவில் வைத்தது முறையா என்ற வினா பின்னர் மருத்துவ அறவியல் இதழ்களில் எழுந்தது. ஆய்வாளர்களின் விடை, அப்பெண்களுக்கு ஆய்வு இல்லாவிட்டாலும் பரிசோதனை கிடைத்திராது என்பது. எளிய முறைகளின் பயன் நிறுவப்படாமல் எந்த அரசும் அவற்றை ஏற்காது என்பதும்தான். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் அவ்விடை ஒரு வாக்குறுதியையும் உள்ளடக்கியிருந்தது: பயன் நிறுவப்பட்டால் அரசு ஏற்கும் என்பது அது. திண்டுக்கல் முடிவு வெளியாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான் ஒன்றிய சுகாதார அமைச்சகம் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமிலத் தடவல் பரிசோதனை என்ற வழிகாட்டு நெறியை வெளியிட்டது. அதன்பின் எடுக்கப்பட்ட ஆய்வின் எண்தான் மேலே குறித்த 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 9.8, இந்திய அளவில் உயர்ந்த எண்களுள் ஒன்றாயினும், பத்தில் ஒன்பது பெண்கள் அங்கும் பரிசோதனைக்கு வெளியே நிற்கின்றனர்.

கம்மம், வதோதரா, ஒரு தற்செயல்

எச்.பி.வி. தடுப்பூசிகள் 2006-இலும் 2007-இலும் உலகச் சந்தைக்கு வந்தன. 2008-இல் இந்தியாவில் உரிமம் பெற்றன. 2009-இல் ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் இணைந்து, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயது வரையிலான ஏறத்தாழ 24,000 சிறுமியர்க்கு இத்தடுப்பூசியைச் செலுத்தும் செயல்விளக்கத் திட்டத்தைத் தொடங்கின. அச்சிறுமியருள் பழங்குடியினர் பலர்; விடுதிகளில் தங்கிப் படித்தோரும் பலர். திட்டக் காலத்தில் ஏழு சிறுமியர் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அரசு அமைத்த விசாரணைக் குழு, இறப்புகளைத் தடுப்பூசியுடன் இணைக்கும் சான்று இல்லை என்றது. ஒரு சிறுமி நீரில் மூழ்கியும் மற்றொருத்தி பாம்பு கடித்தும் இறந்திருந்தனர். ஆனால் இசைவு பெறப்பட்ட முறை தனிக் கேள்வியாக நின்றது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அளித்த அறிக்கையின்படி, ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 இசைவுப் படிவங்களில் 1,948 படிவங்களில் கைரேகை இருந்தது; 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். குஜராத்தின் 6,217 படிவங்களில் 3,944-இல் கைரேகை. படிக்கத் தெரியாதவர் ரேகை வைத்ததும், பெற்றோருக்கு மாற்றாக விடுதி அலுவலர் ஒப்பமிட்டதும் ‘இசைவு’ என்ற ஒரே சொல்லின்கீழ்ப் பதிவாயின. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாமா என்ற அரசியல் சாசனக் கேள்வியாக வளர்ந்தது. ஏற்கலாம் என்று 2018 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

2010 ஏப்ரல் தடை வேறோர் ஆய்வையும் நிறுத்தியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தியாவின் பல மையங்களில் 10 முதல் 18 வயது வரையிலான மணமாகாத பெண்களிடம் மூன்று தவணைத் தடுப்பூசியையும் இரண்டு தவணையையும் ஒப்பிட 2009 செப்டம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது. 20,000 பேரைச் சேர்ப்பது திட்டம். தடை வந்தபோது 17,729 பேருக்கு ஊசி போடப்பட்டிருந்தது. அவர்களுள் 4,950 பேர் முதல் தவணையோடு நின்றுபோயினர். குறுக்கிடப்பட்ட ஆய்வு என்று கைவிடப்பட்டிருக்க வேண்டியதை, லியோன் நகரில் பணியாற்றிய ஆர். சங்கரநாராயணனும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கண்காணித்தனர். உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆய்வுகளுக்கும் தலைமை வகித்தவர் அவரே.

2021-இல் வெளியான பத்தாண்டு முடிவு வியப்பளித்தது. நிலைத்த 16, 18 வகைத் தொற்றைத் தடுப்பதில் ஒரே தவணையின் திறன் 95.4 விழுக்காடு, இரண்டு தவணைகள் 93.1, மூன்று தவணைகள் 93.3. அதாவது தவணைகளிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கோஸ்ட்டா ரிக்காவிலும் கென்யாவிலும் கிடைத்த முடிவுகளும் இதை உறுதிசெய்தன. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணை முறையை ஏற்றது. தடுப்பூசிக்கான செலவும் உழைப்பும் பல நாடுகளில் ஒரே அடியில் பாதியாயின.

இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள்

அதே 2022-இல்தான் இந்தியாவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு இத்தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசியான ‘செர்வாவாக்’ ஒப்புதல் பெற்றதும் அவ்வாண்டே. கம்மம் திட்டம் நின்றதற்கும் இதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அண்டை நாடான பூட்டான் 2010-இலேயே நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. ருவாண்டா 2011-இல் தொடங்கியது. இந்தியாவுக்குள் பஞ்சாபின் இரு மாவட்டங்களும் சிக்கிமும் தனித்து முயன்றன. சிக்கிமில் 2018-இல் 9 முதல் 13 வயது வரையிலான ஏறத்தாழ 25,000 சிறுமியரில் 97 விழுக்காட்டினர் முதல் தவணை பெற்றனர். ஆசிரியர்களும் பெற்றோரும் ஊடகத்தாரும் முன்கூட்டியே அழைக்கப்பட்டு, தடுப்பூசி எதற்கு என்பது அவர்களிடம் விளக்கப்பட்டிருந்தது. கம்மத்தில் படிவத்தில் மட்டும் இருந்த இசைவு, சிக்கிமில் உரையாடலாக இருந்தது.

இவ்வரலாற்றைத் தடுப்பூசிக்கு எதிரான வாதமாகப் படிப்போரும் உண்டு. தடுப்பூசியை எதிர்த்தோரால் நேர்ந்த இழப்பு என்று மட்டும் படிப்போரும் உண்டு. இரண்டுமே பாதி உண்மைகள். தடுப்பூசியின் பாதுகாப்பு இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இசைவு பெறுவதில் காட்டிய அலட்சியம், பாதுகாப்பான ஒன்றின்மீதும் மக்கள் நம்பிக்கையை இழக்கச் செய்தது. அந்நம்பிக்கையை மீட்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் தடுப்பூசிக்குரிய வயதைக் கடந்துவிட்ட சிறுமியரே அதன் விலையைக் கொடுத்தவர்கள். அவர்களைக் காக்க இனி எஞ்சியிருப்பது பரிசோதனை ஒன்றுதான்.

2009-இல் பத்து முதல் பதினெட்டு வயதில் ஆய்வில் சேர்ந்த அந்த 17,729 பெண்கள் இப்போது ஒவ்வொருவராக முப்பது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அமைச்சகத்தின் நெறிப்படி பரிசோதனை தொடங்க வேண்டிய வயது அது. ஆய்வில் இருந்ததால் அவர்களுக்கு அது கிடைக்கும். அவர்களோடு ஒரே வகுப்பில் படித்து, ஆய்வில் சேராமல் போன தோழியருக்கும் இன்று அதே வயதுதான். பார்ஷியில் 1987-இல் செய்ததுபோல் யாரேனும் ஊருக்குச் சென்று அவர்களிடம் பேசினாலன்றி, அடுத்த குடும்ப நல ஆய்விலும் அவர்கள் பரிசோதனை செய்துகொள்ளாதோர் பட்டியலிலேயே இருப்பர்.